பாக்கெட்டில் அடங்கும் பிஸ்டல்: எடை குறையக் குறைய ஏறும் கஷ்டம்

கேள்வி இது: "ஹூஸ்டன் பக்கம் இருக்கிறேன். போன வருடம் கிரீன் கார்டு வந்தது. இரவு ஷிஃப்ட் முடிந்து காரை எடுக்கப் போகும்போது இரண்டு தடவை வழிமறித்துப் பணம் கேட்டார்கள். தினமும் பேன்ட் பாக்கெட்டிலேயே வைத்துக்கொள்கிற மாதிரி, வெளியே தெரியாத சின்ன பிஸ்டல் ஒன்று வாங்க வேண்டும். இதுவரை துப்பாக்கியைத் தொட்டதில்லை. எது நல்லது அண்ணா?"

மாடல் பெயரை மட்டும் ஒரு வரியில் சொல்லிவிடலாம். சொன்னால் நாளைக்கே கடைக்குப் போய் வாங்கிவிடுவீர்கள். நானும் அப்படித்தான் வாங்கினேன், அதனால்தான் கொஞ்சம் நீட்டி எழுதுகிறேன்.

முதலில் சட்டம். உங்களிடம் கிரீன் கார்டு இருப்பதால் சிக்கலில்லை. ஆனால் இதைப் படிக்கிற மற்றவர்களில் பாதிப்பேர் எச்1பி, எல்1, எஃப்1 என்று இருப்பார்கள். நான்-இமிக்ரன்ட் விசாவில் அமெரிக்காவுக்குள் வந்தவர்கள் துப்பாக்கியோ தோட்டாவோ வைத்திருக்க ஃபெடரல் சட்டப்படி பொதுவாகத் தடை. வேட்டை லைசென்ஸ் போன்ற சில விலக்குகள் உண்டு. அந்த வழியில் போவதென்றால் ஒரு வக்கீலிடம் கேட்டுவிட்டுப் போங்கள். கடையில் 4473 என்ற படிவம் தருவார்கள். அதில் குடியுரிமை, விசா நிலை எல்லாம் கேட்பார்கள். நிரந்தரக் குடியிருப்பு உள்ளவர்கள் கிரீன் கார்டில் இருக்கும் ஏ-நம்பரையும் எழுத வேண்டும். லைசென்ஸ் பெற்ற கடையில் கைத்துப்பாக்கி வாங்க 21 வயது ஆகியிருக்க வேண்டும். "மச்சான், நான் எச்1பி, உன் பேரில் ஒன்று வாங்கிக் கொடு, காசு நான் தருகிறேன்" என்று எவனாவது கேட்டால் முடியாது என்று சொல்லிவிடுங்கள். உண்மையாக வாங்குகிறவர் நீங்கள்தானா என்பது அந்தப் படிவத்திலேயே ஒரு கேள்வி. பொய் சொல்லிக் கையெழுத்துப் போட்டால் ஃபெடரல் குற்றம், கிரீன் கார்டும் அதோடு போகலாம்.

சரி, பிஸ்டலுக்கு வருவோம்.

புதிதாக வாங்குகிறவர்கள் எல்லோரும் நினைப்பது, சின்ன துப்பாக்கி என்றால் சின்ன சத்தம், சின்ன உதைப்பு, சுடுவது சுலபம் என்று. நடப்பது நேர்மாறு. நான் முதலில் வாங்கியது 270 கிராம்கூட இல்லாத, .380 தோட்டா போடும் ஒரு பிஸ்டல். பாக்கெட்டில் போட்டால் போனைவிடக் கொஞ்சம்தான் கனம். ஆசையாகச் சுட்டுப் பழகும் ரேஞ்சுக்கு எடுத்துப் போனேன். ஏழு கஜ தூரம், அதாவது ஒரு ஹாலின் நீளம். முதல் பன்னிரண்டு குண்டில் காகிதத்தில் பட்டது ஐந்து. முப்பதாவது குண்டுக்குள் கட்டை விரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் தோல் உரிந்துவிட்டது. பக்கத்து லேனில் ஒரு பாட்டி முழு அளவு பிஸ்டலில் ஒரே ஓட்டையில் குண்டு போட்டுக்கொண்டிருந்தார். வீட்டுக்கு வந்து அதைப் பெட்டகத்தில் வைத்தேன். அப்புறம் ஆறு மாதம் அது பாக்கெட்டிலும் இல்லை, ரேஞ்சிலும் இல்லை.

ஏன் அப்படி என்றால், தோட்டா தள்ளுகிற அளவு ஒன்றுதான், அதைத் தாங்குகிற எடைதான் மாறுகிறது. அதே தோட்டா 900 கிராம் துப்பாக்கியில் கையை மெல்லத் தள்ளும். 300 கிராம் துப்பாக்கியில் அறைந்த மாதிரி இருக்கும். பிடியும் குட்டை; சுண்டு விரல் காற்றில் தொங்கும், சிலருக்கு மோதிர விரலும். குறி பார்க்கும் முன் புள்ளிக்கும் பின் பள்ளத்துக்கும் இடையே நான்கு அங்குலம்தான் இருக்கும். அந்தத் தூரம் குறைந்தால், கண்ணில் மயிரிழையாகத் தெரியும் பிசகு இலக்கில் ஒரு சாணாகிவிடும்.

யாரும் பேசாத விஷயம் ட்ரிகர். பாக்கெட்டில் கிடக்கிற துப்பாக்கிக்கு ட்ரிகர் கொஞ்சம் கனமாக, நீளமாக இருப்பதுதான் பாதுகாப்பு. ஆனால் மூன்று கிலோ விசையில் இழுக்க வேண்டிய ட்ரிகரை 300 கிராம் துப்பாக்கியில் பொருத்தினால் என்ன ஆகும்? துப்பாக்கியின் எடையைப் போலப் பத்து மடங்கு விசையில் ஒரே ஒரு விரல் அதை ஒரு பக்கம் இழுக்கிறது. குண்டு கிளம்பும் முன்பே முனை கீழே இறங்கிவிடும். உதைப்பு பழகிவிடும், இது பழகுவதற்குத்தான் மாதக்கணக்கில் ஆகும்.

இன்னொன்று, கை தளர்ந்தால் சிக்கிக்கொள்ளும். பிஸ்டல் சுட்டதும் மேலே உள்ள ஸ்லைடு பின்னால் போய், சுட்ட தோட்டாவின் காலி உறையை வெளியே தள்ளிவிட்டு, அடுத்த தோட்டாவை ஏற்றிக்கொண்டு முன்னே வர வேண்டும். அதற்குக் கீழே உள்ள உடல் பகுதி அசையாமல் நிற்க வேண்டும். எடை இல்லாத துப்பாக்கியில் அதை நிறுத்துவது உங்கள் மணிக்கட்டுதான். பிடி தளர்ந்தால் ஸ்லைடு பாதி வழியில் நின்றுவிடும்.

அடுத்து, எந்தத் தோட்டா? இதில் மணிக்கணக்கில் சண்டை போடுகிற ஆட்கள் உண்டு, நான் சுருக்கிவிடுகிறேன். .380 ஏசிபி என்பது ஜான் பிரவுனிங் வடிவமைத்து, கோல்ட் நிறுவனம் 1908-ல் கொண்டுவந்தது. 9 எம்எம் தோட்டாவின் அதே விட்டம்தான். உறையின் நீளம் 19 மில்லிமீட்டருக்குப் பதில் 17. சக்தி 9 எம்எம்மில் பாதிக்குச் சற்று மேல். அமெரிக்கப் போலீஸ் வட்டாரத்தில் தோட்டாக்களைச் சோதிக்கும் எஃப்பிஐ அளவுகோல், ஜெலட்டின் கட்டிக்குள் 12 முதல் 18 அங்குலம் வரை போக வேண்டும் என்கிறது. குட்டைக் குழலிலிருந்து கிளம்பும் .380-ல் நுனி விரியும் ஹாலோ பாயின்ட் வகைகள் பல அந்த 12-ஐத் தொடத் திணறும். அதனால் .380-க்கு எந்தத் தோட்டா என்பதையும் தேடித்தான் வாங்க வேண்டும். 9 எம்எம்மில் அந்தத் தலைவலி குறைவு, பயிற்சித் தோட்டாவும் மலிவு. .22 பற்றிக் கேட்பீர்கள்: உதைப்பே இல்லை, சுட இனிமை. ஆனால் .22 போன்ற, விளிம்பில் தட்டி வெடிக்கும் ரிம்ஃபயர் தோட்டாக்கள் இடையிடையே வெடிக்காமல் போகும். கை மிகவும் பலவீனமானவர்களுக்கு மட்டும் அதைச் சொல்வேன்.

இப்போது பெயர்கள். பத்துப் பன்னிரண்டு வருடம் முன்பு இதே கேள்விக்குப் பதில் சுலபம், ஏனென்றால் தேர்வு குறைவு. 2008-ல் வந்த ரூகர் எல்சிபிதான் இந்தப் பாக்கெட் சந்தையைப் பெரிதாக்கியது. அதற்கு முன்பே கெல்-டெக் நிறுவனம் அந்த வேலையைச் செய்திருந்தாலும், கடைக்குக் கடை கிடைத்தது எல்சிபிதான். தோட்டாக்களை அடுக்கும் மேகசினில் ஆறு, குழலில் ஒன்று. குறி பார்க்கும் புள்ளி என்று ஒரு மேடு இருக்கும், இருட்டில் தடவித்தான் கண்டுபிடிக்க வேண்டும். 2018-ல் சிக் சாவர் பி365 வந்ததும் கணக்கு மாறியது. மேகசினில் தோட்டாக்களை ஒன்றன்மேல் ஒன்றாக நேரே அடுக்காமல் கொஞ்சம் இடம் வலமாகச் சாய்த்து அடுக்கி, எல்சிபியைவிடக் கொஞ்சம்தான் பெரிய உடலில் 9 எம்எம் பத்துத் தோட்டாவை அடக்கினார்கள். அப்புறம் அதே வித்தையை .380-க்கும் கொண்டுவந்தார்கள்: 2021-ல் ரூகர் எல்சிபி மேக்ஸ், 2024-ல் ஸ்மித் அண்ட் வெஸ்ஸன் பாடிகார்ட் 2.0. இரண்டிலும் மேகசினில் பத்து, குழலில் ஒன்று. காலி எடை எல்சிபி மேக்ஸ் 300 கிராம், பாடிகார்ட் 2.0 இன்னும் ஒரு இருபது கிராம் குறைவு. குறி பார்க்க நிஜமான புள்ளிகளும் வந்துவிட்டன.

இந்த இரண்டில் எனக்குப் பாடிகார்ட் 2.0 தான் பிடிக்கும். ட்ரிகர் சீராக வருகிறது, ஸ்லைடை இழுக்க அவ்வளவு பலம் வேண்டாம். எல்சிபி மேக்ஸ் கொஞ்சம் மலிவு, கைக்குள் இன்னும் அடக்கம், உதைப்பு கூர்மை. பாடிகார்ட் 2.0 சேஃப்டி விசையோடும் இல்லாமலும் கிடைக்கும். சேஃப்டி உள்ளதை வாங்கினால் ஒவ்வொரு பயிற்சியிலும் அதைத் தள்ளிப் பழக வேண்டும். எப்போதாவது தள்ளுகிறவருக்கு அது பதற்றத்தில் நினைவுக்கு வராது. பழைய எல்சிபி மலிவாகக் கிடைக்கிறதே என்று பார்த்தால் ஒன்றைக் கவனியுங்கள். 2008-லேயே முதல் தொகுப்பை, கீழே விழுந்தால் வெடிக்கக்கூடும் என்று ரூகரே திரும்ப அழைத்துச் சரிசெய்து கொடுத்தது. செகண்ட் ஹேண்டில் வாங்கும் எந்தத் துப்பாக்கியானாலும் அதன் சீரியல் நம்பரை நிறுவனத்தின் தளத்தில் சரிபார்த்துவிட்டு வாங்குங்கள்.

பி365 பாக்கெட் துப்பாக்கியா என்பதே ஒரு சண்டை. காலியாக 500 கிராம், அகலம் ஒரு அங்குலம். கார்கோ பேன்ட்டில் போகும், ஃபார்மல் பேன்ட்டில் தொடையில் செங்கல் கட்டித் தொங்கவிட்ட மாதிரி இருக்கும். அது இடுப்புத் துப்பாக்கி.

ரிவால்வர்? இதை நான் விரும்புகிறேன், ஆனால் உங்களுக்குச் சொல்லத் தயங்குகிறேன். ஸ்மித் அண்ட் வெஸ்ஸன் 642 போன்ற குட்டை மூக்கு ரிவால்வர்களில் சுத்தியல் உள்ளேயே இருக்கும், பாக்கெட் துணியில் எதுவும் மாட்டாது. ஐந்து .38 ஸ்பெஷல், எடை 400 கிராமுக்குக் கொஞ்சம் மேல். மணிக்கட்டு தளர்ந்தாலும் சிக்காது. கோட்டுப் பாக்கெட்டுக்குள்ளிருந்தே ஒன்றுக்கு மேல் சுட முடிகிற ஆயுதம் அது ஒன்றுதான். பிஸ்டலில் ஸ்லைடு துணியில் மாட்டி நின்றுவிடும். ஆனால் ட்ரிகர் ஐந்து கிலோவுக்கு மேல். கடையில் ஒரு பெண் வந்து நின்றாலே கவுண்டர்க்காரர் இதை எடுத்து நீட்டுவார், "சிம்பிள், பெண்களுக்கு ஏற்றது" என்று. புதிதாகக் கற்றுக்கொள்பவர் கையில் கொடுக்க இதைவிடக் கஷ்டமான துப்பாக்கி கிடையாது. பத்து வருடம் சுட்டவர்கள் ஆசைப்பட்டு வாங்கும் சாமான் அது.

துப்பாக்கியைத் தேர்ந்தெடுப்பதற்கு முன் பாக்கெட்டைத் தேர்ந்தெடுங்கள் என்று நான் சொன்னால் சிரிக்கிறார்கள். உங்கள் அலமாரியில் உள்ள பேன்ட்டுகளை எடுத்து வெளியே போடுங்கள். இறுக்கமான ஜீன்ஸில் எந்தப் பிஸ்டலும் அச்சடித்தாற்போல் தெரியும். முன் பாக்கெட் ஆழமாக, வாய் அகலமாக இருக்க வேண்டும்; கை உள்ளே போய் முஷ்டி மூடி வெளியே வர முடிகிறதா பாருங்கள். வெறும் முஷ்டியே மாட்டுகிறதென்றால் துப்பாக்கியோடு வராது. பெண்கள் உடுப்பில் பாக்கெட் என்ற பெயரில் தைப்பதெல்லாம் பாக்கெட்டே அல்ல, அவர்களுக்கு இந்த யோசனை பெரும்பாலும் ஒத்துவராது. வேஷ்டி கட்டிக் கோயிலுக்குப் போகிற நாளில் எங்கே வைப்பீர்கள் என்பதையும் இப்போதே யோசியுங்கள். வீட்டுப் பெட்டகத்தில் என்பதுதான் என் பதில்.

பாக்கெட்டுக்குத் தனி ஹோல்ஸ்டர், அதாவது துப்பாக்கி உறை, கட்டாயம், இதில் பேரமே இல்லை. ட்ரிகரை முழுக்க மூட வேண்டும். வெளிப்புறம் சொரசொரப்பாக இருக்க வேண்டும், அப்போதுதான் இழுக்கும்போது ஹோல்ஸ்டர் பாக்கெட்டிலேயே நின்று துப்பாக்கி மட்டும் வரும். அந்தப் பாக்கெட்டில் வேறு எதுவும் கிடக்கக் கூடாது. சாவி, சில்லறை, பேனா, பாக்குப் பொட்டலம், எதுவும். ஹோல்ஸ்டர் இல்லாமல் போட்டுக்கொண்டு, சாவி ட்ரிகருக்குள் நுழைந்து, தொடையில் சுட்டுக்கொண்டவர்கள் நிஜமாகவே இருக்கிறார்கள். திரும்ப வைக்கும்போது ஹோல்ஸ்டரை வெளியே எடுத்து, துப்பாக்கியை அதற்குள் பொருத்தி, பிறகு இரண்டையும் சேர்த்துப் பாக்கெட்டில் வையுங்கள். பாக்கெட்டுக்குள் இருக்கும் ஹோல்ஸ்டரில் கண்ணை மூடிக்கொண்டு திணிக்காதீர்கள்.

பாக்கெட்டின் பெரிய அனுகூலம், சந்தேகமாக இருக்கும் இடத்தில் கையை உள்ளே விட்டுக்கொண்டு சாதாரணமாக நடக்கலாம். யாருக்கும் தெரியாது. பெரிய குறை, உட்கார்ந்தால் எடுக்க முடியாது. காரில் சீட் பெல்ட்டோடு உட்கார்ந்து முன் பாக்கெட்டிலிருந்து எதையாவது எடுத்துப் பாருங்கள், புரியும். உங்களை வழிமறித்தது கார் நிறுத்துமிடத்தில் என்கிறீர்கள், அதனால் இது உங்களுக்கு முக்கியம். அதோடு பஞ்சு. பாக்கெட்டில் சேரும் நூல் தூசு துப்பாக்கிக்குள் போய் அடைத்துக்கொள்ளும். ஹூஸ்டன் வியர்வை சேர்ந்தால் துருவும் பிடிக்கும். இரண்டு வாரத்துக்கு ஒரு தடவை பிரித்துத் துடைக்க வேண்டும்.

எங்கே எடுத்துப் போகலாம்? டெக்சாஸில் 2021 செப்டம்பர் 1 முதல், 21 வயதான, சட்டத்தடை இல்லாதவர்களுக்கு லைசென்ஸ் இல்லாமலே அனுமதி. அப்படியிருந்தும் எல்டிசி (லைசென்ஸ் டு கேரி) என்ற மாநில லைசென்ஸை எடுங்கள் என்றுதான் சொல்வேன். வேறு பல மாநிலங்கள் அதை மதிக்கும். பள்ளியைச் சுற்றி ஆயிரம் அடிக்குள் துப்பாக்கி கூடாது என்ற ஃபெடரல் சட்டத்திலிருந்து அந்த மாநில லைசென்ஸ் உள்ளவர்களுக்கு விலக்கு உண்டு. குழந்தையைப் பள்ளியில் விடப் போகும் அப்பாவுக்கு இது சின்ன விஷயமில்லை. விலக்கு இருந்தாலும் பள்ளிக் கட்டடத்துக்குள் கூடாது. சிவப்பில் 51% என்று எழுதிய பலகை உள்ள மதுக்கடைகளில் கூடாது. 30.05, 30.06, 30.07 என்ற எண்களோடு வாசலில் துப்பாக்கித் தடைப் பலகை இருந்தால் நின்று படியுங்கள், கோயில் வாசலானாலும் சரி. ஆபீஸில் கம்பெனி விதி என்ன என்று கேட்டுக்கொள்ளுங்கள், சட்டம் அனுமதித்தாலும் வேலை போகலாம். நியூ ஜெர்சியில் இருக்கும் அண்ணன் வீட்டுக்குக் காரில் போகிறேன் என்று இதைப் பாக்கெட்டில் போட்டுக்கொண்டு கிளம்பாதீர்கள். அங்கே சட்டமே வேறு. ஹாலோ பாயின்ட் தோட்டாவுக்கும் கட்டுப்பாடு உண்டு.

விமான நிலையம் தனிக் கதை. 2023-ல் மட்டும் அமெரிக்க விமான நிலையச் சோதனைகளில் 6,700-க்கும் மேற்பட்ட துப்பாக்கிகள் சிக்கின. பத்தில் ஒன்பதுக்கு மேல் குண்டு நிரப்பியவை. பெரும்பாலானோர் சொல்வது ஒன்றுதான்: மறந்துவிட்டேன். நம் ஆட்களுக்கு அதைவிடப் பெரிய ஆபத்து சென்னை விமானம். ரேஞ்சுக்கு எடுத்துப் போகும் பையையே ஊருக்கும் எடுத்துப் போவார்கள். மூலையில் ஒரே ஒரு தோட்டா உருண்டு கிடக்கும். இந்திய விமான நிலையத்தில் அது 1959-ஆம் வருட ஆயுதச் சட்டத்தில் வழக்கு. விடுமுறை முழுக்க வக்கீல் வீட்டுக்கு நடக்க வேண்டியதுதான். ரேஞ்ச் பை ரேஞ்சுக்கு மட்டும் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

வீட்டில் குழந்தைகள் இருக்கிறார்களா என்று நீங்கள் எழுதவில்லை. இருந்தால் பெட்டகம்தான் முதல் செலவு, பிஸ்டல் இரண்டாவது. குண்டு நிரப்பிய துப்பாக்கி உங்கள் கவனக்குறைவால் 17 வயதுக்குட்பட்டவர் கைக்குப் போய்விட்டால் டெக்சாஸில் அதுவே குற்றம். பாக்கெட் துப்பாக்கிக்கு இதில் ஒரு கூடுதல் சிக்கல்: பேன்ட்டைக் கழற்றி நாற்காலியில் போடும்போது துப்பாக்கியும் அதிலேயே கிடக்கும். வீட்டுக்குள் வந்ததும் செருப்பைக் கழற்றும் முன் பெட்டகம் என்று பழக்கப்படுத்திக்கொள்ளுங்கள். இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். 2021-ல் அமெரிக்காவில் துப்பாக்கியால் இறந்த 48,000-க்கும் மேற்பட்டோரில் பாதிக்கு மேல் தற்கொலை. வீட்டில் யாராவது மனசு சரியில்லாமல் இருக்கிற காலம் என்றால், இந்த வாங்கலையே தள்ளிப் போடுங்கள்.

இரண்டு தடவை வழிமறித்துப் பணம் கேட்டார்கள் என்றீர்களே, அந்த இரண்டிலும் துப்பாக்கி இருந்திருந்தால் என்ன செய்திருப்பீர்கள் என்று யோசித்துப் பார்த்தீர்களா? பணம் கேட்டான் என்பதற்காக எடுத்துக் காட்டினால் கைவிலங்கு உங்களுக்குத்தான் வரலாம். உயிருக்கு உடனடி ஆபத்து போன்ற, சட்டம் ஏற்கும் காரணம் ஒன்றை நியாயமாக நம்ப இடமிருந்தால்தான் சட்டம் உங்கள் பக்கம் நிற்கும், அதையும் பிறகு கோர்ட்டில்தான் பேச வேண்டும். வெளிச்சமுள்ள இடத்தில் வண்டி நிறுத்துவது, செக்யூரிட்டியைக் கூட வரச் சொல்வது, இவை இன்று இரவே செய்யலாம், காசும் ஆகாது.

சரி, உங்களுக்கு என் பதில். பாக்கெட் பிஸ்டலை முதல் துப்பாக்கியாக வாங்காதீர்கள். முதலில் ஒரு வகுப்பு. அங்கே அவர்கள் தரும் நடுத்தர 9 எம்எம்மில் இருநூறு, முந்நூறு குண்டு சுடுங்கள். நிற்கும் விதம், பிடி, ட்ரிகரை நசுக்கும் பழக்கம் எல்லாம் அதில் வரும். அப்புறம் ரேஞ்சில் வாடகைக்குப் பாடிகார்ட் 2.0, எல்சிபி மேக்ஸ், பி365 மூன்றையும் ஒரே நாளில் எடுத்து, ஒவ்வொன்றிலும் ஐம்பது சுடுங்கள். வாடகையும் தோட்டாவும் நூறு டாலருக்கு மேல் ஆகும். பிடிக்காத பிஸ்டலை வாங்கிவிட்டு நஷ்டத்துக்கு விற்பதைவிட மலிவு. ஏழு கஜத்தில் பத்துக்குப் பத்தும் ஒரு சாப்பாட்டுத் தட்டு அளவுக்குள் விழுகிறது என்றால் அது உங்களுக்கான துப்பாக்கி. பி365-ல் மட்டும்தான் அப்படி விழுகிறது என்றால் பாக்கெட் ஆசையை விட்டுவிட்டு ஒரு நல்ல பெல்ட்டும் இடுப்பு ஹோல்ஸ்டரும் வாங்குங்கள். நான் கடைசியில் வந்து நின்றது அங்கேதான். பாடிகார்ட் வருடத்தில் நாலைந்து நாள், கோட்டுப் போட்டுக் கல்யாணத்துக்குப் போகும்போது மட்டும்.

வாங்கிய பிறகு மாதம் ஒரு தடவை ஐம்பது குண்டு. வீட்டில், தோட்டாவை வேறு அறையில் வைத்துவிட்டு, காலி என்று இரண்டு தடவை பார்த்துவிட்டு, பாக்கெட்டிலிருந்து எடுக்கும் பழக்கம், தினம் ஐந்து நிமிடம். பாக்கெட்டில் போடப் போகும் அதே ஹாலோ பாயின்ட் தோட்டாவிலும் குறைந்தது ஐம்பது சுட்டுப் பார்த்து, சிக்காமல் ஓடுகிறதா என்று தெரிந்துகொள்ளுங்கள். விலை கடிக்கும், தெரியும்.

கடைக்குப் போகும்போது நீங்கள் வேலைக்குப் போடும் பேன்ட்டையே போட்டுக்கொண்டு போங்கள் தம்பி. காலித் துப்பாக்கியை ஹோல்ஸ்டரோடு பாக்கெட்டில் வைத்துப் பார்க்கலாமா என்று கேளுங்கள், விடுகிற கடைகள் இருக்கின்றன. நாற்காலியில் ஒரு தடவை உட்கார்ந்து எழுந்தால் பாதிக் குழப்பம் அங்கேயே தீர்ந்துவிடும்.